டாப் 2 சதவீத விஞ்ஞானி: பேனரில் இல்லாத விவரங்கள்

செப்டம்பர், அக்டோபர் வந்தால் நாளிதழ்களின் புதுச்சேரி, கடலூர் பதிப்புகளில் உள்பக்கங்களில் ஒரே மாதிரி செய்தி வரிசையாக வரும். இந்தப் பல்கலைக்கழகத்தில் இத்தனை பேராசிரியர்கள், அந்தக் கல்லூரியில் இத்தனை பேர் "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்" பட்டியலில் இடம்பிடித்தார்கள், சால்வை போட்டுப் பாராட்டினார்கள். மறுநாள் இ.சி.ஆர். ஓரம் பேனர். சில இடங்களில் "ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விருது" என்றே போட்டுவிடுகிறார்கள். கூடவே "காப்புரிமை பெற்றார்", "ஃபெல்லோவாகத் தேர்வு", "சிறந்த ஆராய்ச்சியாளர் விருது" என்று வேறு செய்திகளும் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே சால்வை, ஒரே மாதிரி போட்டோ. எது பெரிது, எது சாதாரணம், எது காசு கட்டினால் கிடைப்பது என்று படிக்கிறவருக்குப் பிடிபடாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

இதில் அதிகம் குழப்புவது 2 சதவீதப் பட்டியல்தான். அதையே முதலில் பார்த்துவிடலாம்.

விருது இல்லை, ஒரு எக்செல் அட்டவணை

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் அயோனிடிஸ் என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். ஆராய்ச்சிகள் எந்த அளவுக்கு நம்பத்தகுந்தவை என்பதையே ஆராய்ச்சி செய்கிறவர். அவரும் அவருடைய குழுவும் 2019-இல் ஒரு தரவுத்தொகுப்பை வெளியிட்டார்கள். எல்செவியர் பதிப்பகத்தின் ஸ்கோபஸ் தளத்தில் இருக்கும் கட்டுரைகளை வைத்துக் கணக்குப் போட்டு, உலகில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆராய்ச்சியாளர்களை வரிசைப்படுத்திய அட்டவணை அது. அதற்குப் பிறகு அதைத் தொடர்ந்து புதுப்பித்து வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம்.

ஆக, இதில் தேர்வுக் குழு கிடையாது, விண்ணப்பம் கிடையாது, பதக்கம் கிடையாது. ஸ்டான்ஃபோர்டு யாரையும் கூப்பிட்டுப் பாராட்டுவதும் கிடையாது. கணினி கணக்குப் போடுகிறது, பெயர் வருகிறது, அவ்வளவுதான். அதனால் இது வெத்து வேட்டு என்று அர்த்தமில்லை. ஆனால் "விருது" என்று எழுதுவது தப்பு.

கணக்கு எப்படிப் போகிறது

1. சைட்டேஷன். ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையின் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலில் சேர்த்தால், முதல் கட்டுரைக்கு ஒரு சைட்டேஷன். பாராட்டி எடுத்துக்காட்டினாலும் ஒன்றுதான், "இவர் சொன்னது தவறு" என்று எடுத்துக்காட்டினாலும் ஒன்றுதான்.

2. எச்-இன்டெக்ஸ். இதை 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். ஒருவரிடம் ஐந்து கட்டுரைகள், அவற்றுக்கு முறையே 40, 12, 5, 4, 1 சைட்டேஷன் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது நான்கு சைட்டேஷன் வாங்கிய கட்டுரைகள் நான்கு இருக்கின்றன, ஐந்து வாங்கியவை ஐந்து இல்லை. எனவே இவருடைய எச்-இன்டெக்ஸ் 4. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே ஒரு கட்டுரை எழுதி அதற்கு 5,000 சைட்டேஷன் வாங்கியவருக்கு எச்-இன்டெக்ஸ் 1. பத்துக் கட்டுரை எழுதி ஒவ்வொன்றுக்கும் பத்து வாங்கியவருக்கு 10. செய்தியில் "எச்-இன்டெக்ஸ் 40" என்று மொட்டையாகப் போட்டிருந்தால், ஸ்கோபஸ் கணக்கா, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தின் கணக்கா என்று கேட்க வேண்டும். தீசிஸ் (முனைவர் பட்ட ஆய்வேடு), மாநாட்டுத் தொகுப்பு, இன்னும் இதழில் வராத முன்வரைவு என்று எல்லாவற்றையும் எண்ணுவதால் கூகுள் ஸ்காலரில் எண்ணிக்கை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

3. பெயர் எந்த இடத்தில். ஆய்வகம் சார்ந்த துறைகளில் முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, பெரும்பாலும் ஸ்காலர் எனப்படும் ஆய்வு மாணவர். கடைசிப் பெயர் கைடு, அதாவது வழிகாட்டிப் பேராசிரியருடையது. நடுவில் இருப்பவர்கள் கருவியை இயக்கித் தந்தவர், மாதிரி சேகரித்தவர், சில நேரம் வெறுமனே துறைத்தலைவர். கணிதத்தில் பெரும்பாலும் இந்தப் பழக்கம் கிடையாது, அகர வரிசைப்படி போட்டுவிடுவார்கள்.

4. ஆறு அளவுகள். அயோனிடிஸ் குழு ஆறு எண்களை எடுத்துக்கொள்கிறது: மொத்த சைட்டேஷன்; எச்-இன்டெக்ஸ்; கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்ப பங்கு பிரித்துத் திருத்திய எச்-இன்டெக்ஸ்; தனியாக எழுதிய கட்டுரைகளுக்கு வந்த சைட்டேஷன்; தனியாகவோ முதல் பெயராகவோ எழுதியவற்றுக்கு வந்தது; தனி, முதல், கடைசி ஆகிய மூன்றையும் சேர்த்து வந்தது. ஒவ்வொன்றையும் 0 முதல் 1 வரையிலான மதிப்பாக மாற்றிக் கூட்டுகிறார்கள். அதிகபட்சம் 6. இதற்குப் பெயர் சி-ஸ்கோர்.

"300 கட்டுரைகள் எழுதி இந்தப் பட்டியலில் இடம்பிடித்தார்" என்று செய்தி வந்தால் இந்த ஆறையும் திரும்ப ஒருமுறை பாருங்கள், கட்டுரை எண்ணிக்கை என்ற அளவு அதில் எங்குமே இல்லை. நூறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் நடுவில் நின்றே சைட்டேஷன் சேர்த்தவரை இந்த முறை கொஞ்சம் கீழே தள்ளிவிடும். அதுதான் இதன் நல்ல குணம்.

5. யார் உள்ளே வருகிறார்கள். குறைந்தது ஐந்து கட்டுரைகள் இருந்தால்தான் கணக்கிலேயே எடுக்கிறார்கள். சி-ஸ்கோரில் உலக அளவில் முதல் 1 லட்சம் பேருக்குள் இருக்க வேண்டும், அல்லது தன் உட்துறையில் முதல் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மொத்தம் 22 துறைகள், 174 உட்துறைகள். ஆக 2 சதவீதம் என்பது உலகத்து விஞ்ஞானிகள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி வெட்டிய கோடு இல்லை.

இரண்டு பட்டியல், ஒரே தலைப்பு

செய்திகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் விஷயம் இது. ஒவ்வொரு முறையும் இரண்டு அட்டவணைகள் வெளியாகின்றன. ஒன்று வாழ்நாள் கணக்கு. இன்னொன்று ஒரு குறிப்பிட்ட ஆண்டில் மட்டும் கிடைத்த சைட்டேஷன் கணக்கு. உதவிப் பேராசிரியர்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் வருவார்கள், மூத்த பேராசிரியர்கள் இரண்டிலும் வரலாம், ஓய்வுபெற்றுப் பத்து வருடமானவர்கூட முதல் அட்டவணையில் அப்படியே உட்கார்ந்திருப்பார்.

ஓராண்டுக் கணக்கையும் "அந்த ஆண்டு செய்த ஆராய்ச்சிக்கான அங்கீகாரம்" என்று புரிந்துகொள்ளக் கூடாது. 2011-இல் எழுதிய கட்டுரையை 2024-இல் யாராவது எடுத்துக்காட்டியிருந்தால் அது 2024 கணக்கில் சேரும். அந்த வருடம் அவர் ஒரு வரிகூட எழுதியிருக்க வேண்டியதில்லை.

தன் கட்டுரையைத் தானே எடுத்துக்காட்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஓரளவுக்கு அது இயல்பு, முன்பு செய்த வேலையின் தொடர்ச்சியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அளவு மீறுபவர்களும் இருக்கிறார்கள். அதற்காகவே அட்டவணையில் தன்-சைட்டேஷனைச் சேர்த்து ஒரு தரவரிசை, கழித்து ஒரு தரவரிசை என்று இரண்டும் தந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தால் விஷயம் என்னவென்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நான்கைந்து நண்பர்கள் தங்களுக்குள் மாற்றி மாற்றி எடுத்துக்காட்டிக்கொண்டால் மட்டும் இந்தக் கழித்தல் பிடிக்காது.

சமீபத்திய பதிப்புகளில் இன்னொரு பத்தியும் சேர்ந்திருக்கிறது: திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை. தரவு தவறு, படம் ஒட்டுவேலை, மதிப்பாய்வே போலி என்று தெரியவந்தால் இதழ் அந்தக் கட்டுரையை ரத்து செய்யும். வாழ்நாள் பட்டியலில் இருந்த 2,17,097 பேரில் 7,083 பேருக்குக் குறைந்தது ஒரு கட்டுரையாவது இப்படித் திரும்பப் பெறப்பட்டிருக்கிறது என்று அயோனிடிஸ் குழுவே எண்ணிச் சொன்னது. நேர்மையான தவறால் தானே முன்வந்து திரும்பப் பெறுபவர்களும் அதில் அடக்கம் என்பதால் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. ஆனால் 2023-இல் மட்டும் உலகம் முழுக்க 10,000-க்கும் மேல் கட்டுரைகள் ரத்தாகின. அதில் பெரும்பகுதி ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில், "சிறப்பிதழ்" என்ற பெயரில் கூட்டமாக உள்ளே வந்தவை.

இந்தக் கணக்கில் சிக்காத வேலை

நம்ம பக்கத்து உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். ஜிப்மருக்குப் பக்கத்தில் இருக்கும் வி.சி.ஆர்.சி., இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கொசு மற்றும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு மையம், 1975-இல் தொடங்கியது. கொசுப் புழுவை மட்டும் குறிவைத்துக் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியாவின் ஒரு வகையை வி.சி.ஆர்.சி. பி17 என்ற பெயரில் உருவாக்கியது அங்கேதான். 2022-இல் வொல்பாக்கியா பாக்டீரியாவைப் புகுத்திய, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வகைகளை உருவாக்கியதாக அறிவித்தார்கள். வொல்பாக்கியா உள்ள கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருக முடியாது, இந்தப் பெண் கொசுக்கள் இடும் முட்டைகளுக்கும் அந்தப் பாக்டீரியா போய்ச் சேரும், அரசு அனுமதி கிடைத்தால் வெளியில் விடலாம் என்பது திட்டம். இதற்கெல்லாம் சைட்டேஷன் வரும், வராமல் இல்லை. ஆனால் ஒரு மருந்து சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்ததற்கோ, ஒரு தெருவில் யானைக்கால் நோய் குறைந்ததற்கோ சி-ஸ்கோரில் கட்டம் கிடையாது.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. சேற்றில் இறங்கி நண்டையும் புழுவையும் எடுத்து, இது எந்த இனம் என்று வகைப்படுத்தி எழுதும் கட்டுரையைப் படிக்க உலகத்திலேயே சில நூறு பேர்தான் இருப்பார்கள். நானோ பொருள்கள் பற்றிய கட்டுரைக்கு ஆறே மாதத்தில் வரும் சைட்டேஷன் இதற்கு இருபது வருடத்திலும் வராமல் போகலாம். உட்துறை வாரியாக ஒப்பிடுவதால் இந்த அநியாயம் கொஞ்சம் சரியாகிறது, முழுதாக இல்லை.

மொழி, வரலாறு பக்கம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். புதுச்சேரி செயின்ட் லூயிஸ் வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுப்புகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஒரு சுவடியைப் படித்து, மற்ற பிரதிகளோடு ஒப்பிட்டு, பாடபேதம் குறித்துப் பதிப்பிக்க வருடக்கணக்கில் ஆகும். ஸ்கோபஸ் என்ற தளமோ பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களை எண்ணுவது. தமிழ் ஆய்விதழ்கள் அதில் இருப்பது அரிது, புத்தகங்கள் வருவதும் அரைகுறைதான். ஒரு தமிழ்ப் பேராசிரியர் பட்டியலில் இல்லை என்பதை வைத்து அவர் வேலையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

மற்ற சால்வைகள்

ஃபெல்லோ. அறிவியல் அமைப்புகள் தரும் உறுப்பினர் தகுதி இது. பெங்களூரில் சி.வி.ராமன் 1934-இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம், டெல்லியில் உள்ள தேசிய அறிவியல் கழகம் போன்றவற்றில் ஏற்கெனவே ஃபெல்லோவாக இருப்பவர்கள் முன்மொழிந்து, அலசி, வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். இது நிஜமாகவே பெரிய கௌரவம், 2 சதவீதப் பட்டியலைவிடப் பல மடங்கு அரிது. லண்டன் ராயல் சொசைட்டி ஃபெல்லோ என்பது 1918-இல் ராமானுஜனுக்குக் கிடைத்தது. ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி என்பது வேறு அமைப்பு. அங்கே தகுதியும் அனுபவமும் இருப்பவர் விண்ணப்பித்து, பரிந்துரை வாங்கி, ஆண்டுச் சந்தா கட்டி ஃபெல்லோ ஆகலாம். அதுவும் மதிப்பானதுதான். ஆனால் இதை "ராயல் சொசைட்டி ஃபெல்லோ" என்று சுருக்கி எழுதும்போது ஒருவர் ராமானுஜன் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறார்.

தேசிய விருதுகள். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு 1958 முதல் 45 வயதுக்கு உட்பட்ட விஞ்ஞானிகளுக்குத் தரப்பட்டது. இப்போது ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் என்ற புதிய வரிசைக்குள் விஞ்ஞான் யுவா என்ற பிரிவாக அதைச் சேர்த்துவிட்டார்கள். 2024-இல் முதன்முறையாக வழங்கப்பட்டது. இதில் ஒருவர் பெயர் வந்தால் கேள்வியே கேட்காமல் பேனர் வைக்கலாம்.

காப்புரிமை. செய்திகளில் அதிகம் பிசகுவது இங்கேதான். படிகள் இவை:

1. விண்ணப்பம் போட்டவுடன் ஒரு எண் கிடைக்கும்.
2. சாதாரணமாக 18 மாதம் கழித்து அந்த விண்ணப்பம் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகும். தனியாகக் கட்டணம் கட்டி படிவம் 9 கொடுத்தால் ஒரு மாதத்துக்குள்ளேயே வெளியிட்டுவிடுவார்கள்.
3. பரிசீலனைக்குத் தனியே மனு கொடுக்க வேண்டும். அதன்பிறகுதான் அதிகாரி படித்து, இது புதியதா, ஏற்கெனவே இருப்பதா என்று ஆட்சேபணைகளை அனுப்புவார்.
4. பதில் சொல்லித் தேறினால் காப்புரிமை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு செல்லும்.

"காப்புரிமை பெற்றார்" என்று வரும் செய்திகளில் பல இரண்டாவது படியிலேயே நிற்பவை. அதுவரைக்கும் யாரும் அந்தக் கண்டுபிடிப்பைச் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகை கிடைப்பதால் விண்ணப்பம் போடுவதும் சுலபம். சில நேரம் அது காப்புரிமையே இல்லை, வடிவமைப்புப் பதிவு. பொருளின் வெளித்தோற்றத்துக்கு மட்டும் பாதுகாப்பு தருவது, உள்ளே அது வேலை செய்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. இந்தியக் காப்புரிமை அலுவலகத் தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் எந்தப் படியில் நிற்கிறது என்று நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கட்டண விருதுகள். "உங்கள் ஆராய்ச்சியைப் பார்த்து வியந்தோம், சர்வதேச சிறந்த ஆராய்ச்சியாளர் விருதுக்குத் தேர்வாகியுள்ளீர்கள், பதிவுக் கட்டணத்தை இந்தத் தேதிக்குள் அனுப்பவும்" என்று மின்னஞ்சல் வரும். கட்டினால் கேடயம் வரும். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

மாணவர்கள் எங்கே?

இந்தப் பட்டியல்களில் முனைவர் பட்ட மாணவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். ஐந்து கட்டுரை என்ற வாசலைத் தாண்டுவதே பலருக்கு தீசிஸ் முடியும் காலத்தில்தான். ஆனால் கைடின் பெயருக்கு வரும் சைட்டேஷனில் பெரும்பகுதி, இரவு பதினோரு மணிக்கும் ஆய்வகத்தில் நின்ற ஸ்காலர் முதல் பெயராக எழுதிய கட்டுரைகளுக்கு வந்தது. பேனரில் ஒரு முகம், கட்டுரையில் ஏழு பெயர்.

மாணவர்களுக்கு உண்மையான கௌரவம் என்றால் போட்டித் தேர்வில் கிடைக்கும் உதவித்தொகைதான். யு.ஜி.சி. நெட், சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுகளை எழுதி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆக உயர்ந்தால் 42,000. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை 70,000-இல் தொடங்கி 80,000 வரை போகும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் இல்லாமல் சேர்ந்தவருக்கு 8,000. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டில் அறை வாடகை, மெஸ், பஸ் எல்லாம் அந்த எட்டாயிரத்துக்குள் அடங்க வேண்டும். ஒரே ஆய்வக மேஜையில், ஒரே கைடிடம், ஒரே குடுவையைக் கழுவும் இரண்டு பேருக்குள் இவ்வளவு வித்தியாசம். அதுவும் மாதாமாதம் ஒழுங்காக வருமா என்றால், தாமதம் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். ஜே.ஆர்.எஃப். கிடைத்த ஒரு மாணவி உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாகக்கூட வருவதில்லை.

ஏன் இவ்வளவு பேனர்?

கல்வி நிறுவனங்களுக்கான என்.ஐ.ஆர்.எஃப். தேசியத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பிரிவில் ஆராய்ச்சிக்கு மட்டும் 30 சதவீத எடை. அது பெரும்பாலும் கட்டுரை எண்ணிக்கை, சைட்டேஷன், காப்புரிமை, ஆராய்ச்சி நிதி. அந்தத் தரவரிசையை வைத்துத்தான் கல்லூரிகள் அட்மிஷன் விளம்பரம் போடுகின்றன. பேராசிரியருக்கும் தனிக் கணக்கு உண்டு. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையில் ஒரு கட்டுரைக்கு அறிவியல் துறைகளில் 8, மொழி மற்றும் சமூக அறிவியல் துறைகளில் 10 என்று மதிப்பெண் போட்டு, பணி உயர்வுக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். எண்ணுக்குப் பரிசு என்று ஆன பிறகு எல்லோரும் எண்ணைத்தான் வளர்ப்பார்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் முளைத்தது அப்படித்தான். அவற்றை வடிகட்ட யு.ஜி.சி. கொண்டுவந்த கேர் என்ற ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள், எந்த இதழ் நல்லது என்று தீர்மானிக்கும் வேலை இப்போது அந்தந்த நிறுவனத்தின் தலையில். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை 2022-லேயே தளர்த்தினார்கள். நல்ல முடிவுதான், ஆனாலும் பல நிறுவனங்கள் தங்கள் சொந்த விதியில் அதை இன்னும் வைத்திருக்கின்றன.

பி.எச்டி. சேரப் போகிறவர் பார்க்க வேண்டியவை

பேனரைப் பார்த்து கைடைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதில் அரை மணி நேரம் செலவழித்தால் போதும்.

1. இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் அந்தப் பேராசிரியரின் பெயரைத் தேடுங்கள். அவரிடம் யார் யார் முடித்தார்கள் என்று தீசிஸோடு கிடைக்கும். விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். அவரிடம் சேர்ந்தவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.
2. அவருடைய கடைசிப் பத்துக் கட்டுரைகளை எடுத்து முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். மாணவர் பெயரா, அவர் பெயரேவா, அல்லது சம்பந்தமே இல்லாத ஊர்களில் இருக்கும் பத்துப் பேரா?
3. இடம் காலியா என்று கேளுங்கள். பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 என்பதுதான் வரம்பு.
4. இப்போது அவரிடம் இருக்கும் ஸ்காலர் ஒருவரைப் பிடித்து, கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து, கட்டுரையைத் திருத்தித் தர எத்தனை மாதம் எடுக்கிறார் என்று கேளுங்கள். எந்த அட்டவணையிலும் இதற்குப் பத்தி இல்லை.